அம்மாவின் விருந்தாளிகள்

அத்தியாயம் 9

"வெந்நீர் வச்சிருக்கேன். காபியும் இருக்கு. எந்திரிங்க விருந்தாளிகளே!"

கூடாரத்துக்கு வெளியே அம்மாவின் குரல். சினெசுமா கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். பெற்றவளே வாசலில் வந்து நின்று விருந்தாளி என்று கூப்பிட்டால் எந்த மகளுக்குத்தான் உடனே எழுந்திருக்கத் தோன்றும்?

ஆனால் அம்மா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஹோருசிப் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சுற்றுலா முகாமில் இரண்டு இரவுக்கு இடம் சொல்லிவைத்து, தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து வந்து இறங்கியது அவளும் தம்பி கவேட்டோவும்தான். அம்மா உவாசெங்கா இங்கே சமையலறைக்குப் பொறுப்பு. பின்னால் இருக்கும் அவளுடைய ஒற்றை அறையில் மூன்று பேர் படுக்க முடியாது. அது வெளியே சொன்ன காரணம். சண்டை போட வருகிறவர்கள் அவளுடைய கட்டிலிலேயே படுத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்பது சொல்லாத காரணம்.

பெரியப்பா போனில் கத்தியது இன்னும் காதில் இருந்தது. "உங்கம்மா அங்க வண்டி ஓட்டுற, நம்ம இனமில்லாத டமரா ஆளைக் கட்டிக்கப் போறாளாம். செத்துப்போன என் தம்பி பொண்டாட்டி! ஊரே சிரிக்குது. போய்க் கூட்டிட்டு வர்றீங்களா, இல்ல நான் வரட்டுமா?"

அப்படி வந்தவர்கள், நேற்று மாலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஆட்டிறைச்சியும் சோளக்களியும் பரிமாறினாள், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வண்டிக்காரர் எலிஃபாஸ் தீயருகே வந்து வணக்கம் சொல்லிக் கையை நீட்டியபோது, கவேட்டோ தன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். நீட்டிய கை நீட்டியபடி கொஞ்சநேரம் நின்றது. அதை நினைத்தால் சினெசுமாவுக்கு இப்போதும் கூச்சமாக இருந்தது.

கூடாரத் துணியை விலக்கி வெளியே வந்தாள். கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஆற்றுப் பள்ளம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. அம்மா மட்டும் தெரிந்தாள். தரையைத் தொடும் நீளப்பாவாடை, அதன்மேல் முகாமின் பச்சை ஏப்ரன், கையில் காபிக் குவளை.

அடுத்த கூடாரத்திலிருந்து கவேட்டோ தலையை நீட்டினான். "அம்மா, இந்தக் கிண்டல் எல்லாம் வேணாம்."

"கிண்டலா? நேத்து பேர் எழுதிட்டு உள்ள வந்தது யாரு, நானா? சீக்கிரம் குடிங்க. யானை பார்க்கப் போகணும். எலிஃபாஸ் வண்டி தயாரா நிக்குது."

"அந்தாளு வண்டியில நான் ஏற மாட்டேன்."

"அப்ப நடந்து போ. இங்க சிங்கம் வண்டியைச் சீண்டாது. நடக்கறவனைத்தான் பார்க்கும்."

"அம்மா, நாங்க உன்கிட்ட பேசத்தான் வந்திருக்கோம்."

"தெரியும். பேசலாம். எனக்கு இப்ப பன்னண்டு பேருக்கு மதியச் சாப்பாடு ஆகணும். போய்ட்டு வாங்க. பசியோட வந்தா சண்டை நல்லா வரும்."

சொல்லிவிட்டு அவள் பனிக்குள் நடந்து மறைந்தாள். கவேட்டோ அக்காவைப் பார்த்தான். "பார்த்தியாக்கா? பயமே இல்ல."

"யாருக்கு, அவங்களுக்கா நமக்கா?" என்றாள் சினெசுமா.

* * *

மேற்கூரை மட்டும் போட்ட அந்தப் பெரிய வண்டியின் உயரமான பின்னிருக்கையில் ஒரு வயதான ஜெர்மன் தம்பதி ஏற்கெனவே கேமராவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சினெசுமா அவர்களோடு ஏறிக்கொண்டாள். மீதி இருந்தது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான். கவேட்டோ வேறு வழியில்லாமல் அதில் போய் உட்கார்ந்தான்.

எலிஃபாஸ் கனூசெப்புக்கு அறுபது இருக்கும். ஒல்லி உடம்பு, வெளுத்த தொப்பி, சத்தம் போடாத பேச்சு. வண்டிக் கதவின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு ஏறினார். "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று ஜெர்மனில் ஒரு தடவை, அவர்களுடைய ஹெரேரோ மொழியில் ஒரு தடவை கேட்டார்.

ஆற்றுப்படுகைக்குள் இறங்கியதும் கவேட்டோ ஹெரேரோவில் ஆரம்பித்தான். முகத்தில் சிரிப்பு, குரலில் தேன். பின்னால் இருப்பவர்கள் பார்த்தால் ஊர் நலம் விசாரிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

"எங்கப்பா குழியில மண்ணு காயல. அதுக்குள்ள இந்தக் கிழவனுக்கு மாப்பிள்ளை ஆசை வந்துடுச்சு."

"ஆறு வருஷம் ஆச்சுடா" என்றாள் சினெசுமா பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு. அப்பா மாட்டுமேல கண்ணு. எங்கம்மாவக் கட்டினா பாதி மந்தை வந்துடும்னு கணக்கு. வண்டி ஓட்டறவனுக்கு வேற என்ன வேணும்?"

ஜெர்மன் பெண்மணி ஆர்வமாக முன்னால் குனிந்து, இளைஞர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

எலிஃபாஸ் திரும்பாமலே ஜெர்மனில் பதில் சொன்னார். பிறகு கவேட்டோவிடம் ஹெரேரோவில், "உங்களுக்கு யானைன்னா சின்ன வயசிலேருந்தே உயிருன்னு சொல்லியிருக்கேன் தம்பி. கொஞ்சம் யானை பக்கமும் பாருங்க, நம்புவாங்க" என்றார்.

அந்தப் பெண்மணி கவேட்டோவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். சினெசுமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. யார் பக்கம் நிற்க வந்தாள், யார் பேச்சுக்குச் சிரிக்கிறாள்?

மூடுபனி கலைய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கறுத்த மலை, நடுவே வெளிறிய மணல், அதில் கணுக்கால் அளவு நீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்வேல மரங்களுக்கு அடியில் நெற்றுகள் உதிர்ந்து கிடந்தன. ஆறு வளைகிற இடத்தில் நீரைத் தாண்டி அந்தப் பக்கம் போக எலிஃபாஸ் வண்டியைத் திருப்பினார்.

வலது சக்கரம் இறங்கியது. இன்னும் இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, உறுமி, அப்படியே நின்றுவிட்டது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் முழுக்கச் சேறு.

கவேட்டோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முப்பது வருஷமா ஓட்டறாராம்! ஈர மணல் எது, காஞ்ச மணல் எதுன்னு எனக்கே தெரியுது. நான் வண்டி விக்கறவன், ஓட்டறவன்கூட இல்ல."

எலிஃபாஸ் இன்ஜினை அணைத்தார். இறங்கக் காலை வெளியே வைத்தவர், சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். "யாரும் இறங்காதீங்க. சத்தம் வேணாம்."

நாணல் புதருக்குப் பின்னாலிருந்து யானைகள் வந்தன. முதலில் ஒரு கிழட்டுப் பெண்யானை. பின்னால் இன்னும் நாலைந்து, கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. பாலைவனத்து யானைகள், உடம்பெல்லாம் புழுதி பூசி, மலையின் நிறத்திலேயே இருந்தன. வண்டியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நீரில் இறங்கிக் குடிக்கத் தொடங்கின.

ஜெர்மன் தம்பதி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படம் பிடித்தார்கள். கவேட்டோவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து போக முடியாத ஆள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவன் குரலை மூச்சுக்காற்று அளவுக்குத் தாழ்த்தினான்.

"இப்ப நேராவே கேக்கறேன். எங்கம்மாவ விட்டுடு. உனக்கு என்ன வேணும்னு சொல்லு. ரெண்டு மாடு வேணுமா, மூணு வேணுமா, வாங்கிட்டுப் போ. அவங்களைப் போட்டு ஏன் ஆசை காட்டிக் கெடுக்கற?"

"தம்பி, மெதுவா. குட்டி பக்கத்துல நிக்குது."

"பேச்சை மாத்தாத. கல்யாணம் பண்ணிக்கறியான்னு எங்கம்மாகிட்ட எந்த தைரியத்துல கேட்ட?"

எலிஃபாஸ் நேராகப் பார்த்துக்கொண்டே, அதே மூச்சுக்குரலில் சொன்னார். "நான் கேக்கல."

"என்ன?"

"நான் கேக்கல தம்பி. கேட்டது உங்கம்மா. நான் இன்னும் பதில் சொல்லல."

 சினெசுமா முன்னால் குனிந்தாள். அம்மாவா? வீட்டில் நாலு பேர் கூடினால் பேச்சுக்குக்கூட வாய் திறக்காத அம்மாவா? அப்பா இருந்தவரை, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே எந்தக் கேள்விக்கும் தலையசைப்பாள்?

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். கிழட்டு யானை நீரிலிருந்து ஏறி, வண்டியின் வலப்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தது. எலிஃபாஸின் பக்கம். அவர் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யானை இன்னும் இரண்டு எட்டு வைத்தால் துதிக்கை அந்தக் கையில் படும். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். எலிஃபாஸின் தலை மட்டும் திரும்பவில்லை. நேரே, கண்ணாடிக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சினெசுமா எட்டி அவர் தோளைத் தொட்டாள். "வலப்பக்கம்."

அவர் தலையைத் திருப்பினார். உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. கையை மெல்ல, மிக மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். யானை முகர்ந்து பார்த்தது, வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது.

யானைகள் போனபிறகு எல்லோரும் இறங்கி மண்ணைத் தோண்டினார்கள். நாணலை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். கவேட்டோ முழங்கால் வரை சேற்றில் நின்று வண்டியைத் தள்ளினான்.  ஜெர்மன் பெண்மணிக்கு அன்றைய பொழுதில் பரம சந்தோஷம்.

* * *

சமையலறையில் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சினெசுமா சேற்றுக் காலோடு வாசலில் நின்றாள்.

"காலைக் கழுவிட்டு வா."

"அம்மா, நீதான் கேட்டியா?"

அம்மாவின் கை நிற்கவில்லை. "எதை?"

"நடிக்காத. அந்தாளை."

"ஆமா. கேட்டேன். ஏன், எனக்கு வாய் இல்லையா?"

சினெசுமா காலைக் கழுவிக்கொண்டு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கேள்விகளை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது எது முதல் கேள்வி என்றே தெரியவில்லை.

"என்னம்மா பார்த்த அவர்கிட்ட?"

அம்மா முகவாயால் ஜன்னலைக் காட்டினாள். "அந்த ஜன்னல் இருக்கு பாரு. அது வழியா மலை தெரியும். மாவு பிசையறப்ப அதைப் பார்த்துக்கிட்டே பிசைவேன். அவர் தினமும் வண்டியை ஜன்னலுக்கு நேரா நிறுத்துவார். அங்கதான் நிழல். நான் ஒண்ணும் சொன்னதில்ல. ஒரு நாள் பார்த்தா வண்டி அந்தக் கோடியில வெயில்ல நிக்குது. ஏங்க நிழல விட்டுட்டு அங்க நிறுத்தியிருக்கீங்கன்னு கேட்டேன். 'நீங்க எக்கி எக்கிப் பார்க்கறீங்க, அதான்'னார்."

"அதுக்காகக் கல்யாணமா?"

"அதுக்கு அன்னிக்கு ரெண்டு ரொட்டி குடுத்தேன். கல்யாணம் அப்புறமா யோசிச்சது."

சினெசுமாவுக்குத் தன் வீட்டு நினைவு வந்தது. அவள் கணவன் நல்லவன். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் அவள் எந்த ஜன்னல் வழியாக எதைப் பார்க்கிறாள் என்று அவனிடம் கேட்டால் என்ன சொல்வான்? அவனை விடு, அவளையே கேட்டால்?

"பெரியப்பா சும்மா விடுவாரும்மா? அங்க நம்ம முன்னோர் நெருப்படியில உனக்கு இருக்கற இடம் போயிடும். அப்பா பக்கத்துல உன்னைப் புதைக்கக்கூட விட மாட்டாங்க."

"தெரியும். உங்க பெரியப்பா அதைத்தான் முதல்ல சொன்னார். இங்க வேலைக்கு வர்ற வரைக்கும் அந்த வீட்ல நான் செத்துப்போனவர் பொண்டாட்டி. உங்க பெரியம்மா எனக்கு ஊத்தற பாலைக்கூடச் சொல்லிக்காட்டித்தான் ஊத்துவா. பொறுத்துக்கிட்டேன். எதுக்கு? செத்த பிறகு படுக்க ஒரு இடம் வேணும்னு." அம்மா மாவைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். "செத்த பிறகு எங்க படுக்கறதுன்னே யோசிச்சுக்கிட்டு இருந்துட்டேன் சினே. உயிரோட எங்க படுக்கறதுன்னு யோசிக்கவே இல்ல."

"அம்மா!"

"என்ன அம்மா? உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்காத."

சினெசுமாவுக்குக் காது சூடேறியது. அதற்குமேல் அடக்க முடியவில்லை, உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "என்கிட்ட ஏம்மா சொல்லல? பெரியப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வாராவாரம் போன் பண்றேனே!"

அம்மா அப்போதுதான் கையை நிறுத்தினாள். "பண்றதான். மாத்திரை போட்டியான்னு கேப்ப. முட்டி வலி எப்படின்னு கேப்ப. குளிருக்குப் போர்வை இருக்கான்னு கேப்ப. வச்சுடுவ. நான் குறை சொல்லல. மருந்துக்கடையில வேலை பார்க்கறவ, அதைத்தான் கேப்ப. வேற கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு மாவைக் கிள்ளி உருண்டையாக்கி எண்ணெயில் போட ஆரம்பித்தாள். சினெசுமா எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று, பொரிந்ததை எடுத்துத் தட்டில் வைத்தாள்.  மனதில் கோபம் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

* * *

முகாமில் போன் எடுக்காது. பின்னால் இருக்கும் குன்றின் உச்சிக்குப் போனால்தான் எடுக்கும். வாராவாரம் மகளின் அழைப்புக்காக அம்மாவும் அங்கேதான் ஏறுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கவேட்டோ அங்கிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் சினெசுமா எதிரே போய் நின்றாள்.

"யாருக்குடா போன் பண்ண?"

"பெரியப்பாவுக்கு."

"என்ன சொன்ன?"

"உண்மையைத்தான் சொன்னேன். அம்மாதான் கேட்டிருக்காங்கன்னு." அவன் தரையைப் பார்த்தான். "அவர்மேல சும்மா பழி போடக் கூடாதுல்ல. அதான் சொன்னேன். அதுக்கு அவர் இப்படிக் கத்துவார்னு நினைக்கல."

"மடையா! அந்தாளு கேட்டார்னு இருந்தா, அவரைத் திட்டிட்டு விட்டிருப்பாங்க. இப்ப அம்மாவ இல்ல பிடிப்பாங்க?"

"நாளைக்குக் காலையில வர்றாராம். ரெண்டு வண்டியில. அம்மா சாமான்களையும் ஏத்திக்கிட்டுப் போகத்தான் ரெண்டாவது வண்டியாம்."

முப்பது வயசு ஆண்பிள்ளை. அப்போது பார்க்க, கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு நிற்கும் பையனைப் போல இருந்தான். சினெசுமா மேற்கொண்டு திட்டவில்லை. அவளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

எலிஃபாஸ் ஆற்றோரம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு வலப்பக்கமாகப் போய், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். அவர் பாட்டுக்குத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எப்பலேருந்து?" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். எதற்காகக் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

"ரெண்டு மழைக்காலம் ஆச்சு. நேரா இருக்கறது நல்லாத் தெரியுது. ரெண்டு பக்கமும்தான் போயிட்டே வருது."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனேன். சொட்டு மருந்து குடுத்தார். போனது திரும்பாதுன்னுட்டார்."

அவள் தினமும் அந்த மருந்தை எடுத்துக் கொடுக்கிறவள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். மருந்து அதை மெதுவாக்கும். சிலருக்கு நிறுத்தும். சிலருக்கு அதுவும் இல்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அதான் பதில் சொல்லல. அவங்க பாவம், ஒரு வீட்டுக்கு உழைச்சு இப்பதான் எந்திரிச்சு வந்திருக்காங்க. நாளைக்கு நான் குருடனானா? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவா அவங்க கேட்டாங்க?" அவர் துணியை வாளியில் போட்டார். "வேணாம்னு சொல்லணும். தினமும் சொல்லலாம்னுதான் போறேன். அவங்க மாவு பிசைஞ்சிட்டிருப்பாங்க. வந்துடறேன்."

சினெசுமா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கல்யாணத்தை நிறுத்தத்தான் நாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். நிறுத்துவதற்கான காரணம் இதோ, கேட்காமலே கையில் வந்து விழுந்திருக்கிறது. ஏன் சந்தோஷம் வரவில்லை? அம்மா இந்த மனிதரைக் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதை நினைத்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தில் பாதி, அம்மாவுக்கும் முடியாமல் போனால் இரண்டு பேரும் தன் தலையில் விழுவார்களே என்பதுதான். அதையும் தனக்குள் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றாள். "அம்மா விஷயம் உங்க விஷயம். ஆனா இனிமே நீங்க ஆளுங்களை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது. இன்னிக்குச் சேத்துல மாட்டினோம். நாளைக்கு வேற எதாவது ஆனா?"

"மாசக் கடைசி வரைக்கும்..."

"நாளைக்கே நிறுத்தணும்."

அவர் கழுவிய வண்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையசைத்தார். "சரி. முகாம்ல நானே சொல்லிடறேன். உங்கம்மாகிட்ட மட்டும் நீங்க சொல்ல வேணாம். வேணாம்னு நான் சொல்லிட்டுப் போயிடறேன். காரணம் எதுக்கு?"

அவள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த உடனேயே கொடுத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

* * *

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் முகாமின் தீ மூட்டப்பட்டது. ஜெர்மன் தம்பதி களைத்துப்போய்ச் சீக்கிரமே படுக்கப் போய்விட்டார்கள்.

அம்மா வந்தாள். ஏப்ரன் இல்லை. ஊதா நிறத்தில் அகலமான விழா உடை, தலையில் அதே துணியில் மாட்டுக்கொம்பு போல மடித்த தலைக்கட்டு. பரிமாறவில்லை. நேராக வந்து, மகனுக்கும் மகளுக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்ந்தாள். எலிஃபாஸ் எதிரே இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கவே போன் பண்ணது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "நாளைக்கு அவங்க வரட்டும். வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். எலிஃபாஸ், நான் கேட்டப்ப, என் பிள்ளைங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்னீங்க. பார்த்துட்டீங்க. சொல்லுங்க."

விறகு வெடித்தது. எலிஃபாஸ் தீயையே பார்த்தார்.

"முடியாது உவாசெங்கா. மன்னிச்சுடுங்க. வேணாம்."

அம்மாவின் முகம் மாறவில்லை. கை மட்டும் மடியிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தது.  தம்பி இப்போது சந்தோஷத்தில் எழுந்து ஆடப்போகிறான் என்று சினெசுமா நினைத்தாள்.

கவேட்டோ எழுந்தான். "ஏன் முடியாது?"

எலிஃபாஸ் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பினார்.

"கேக்கறேன்ல? ஏன் முடியாது? எங்கம்மாவுக்கு என்ன குறைச்சல்? அவங்க வந்து வாய்விட்டுக் கேட்டிருக்காங்க. உனக்கு அவ்ளோ திமிரா?"

"டேய், உக்காரு" என்றாள் சினெசுமா.

"இரு அக்கா! இவரு யாரு வேணாம்னு சொல்ல? வேணாம்னு சொல்றதா இருந்தா நாங்க சொல்லணும்!"

அம்மா அவனைப் பார்க்கவில்லை. எலிஃபாஸைப் பார்த்தாள். அவர் பார்வை ஒருமுறை சினெசுமாவிடம் போய்த் திரும்பியது. அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அம்மா மெல்ல மகள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்."

சினெசுமா தலையசைத்தாள். "தெரியும்மா. ஆனா அதை நான் சொல்லக் கூடாது."

"சரி. சொல்லாத." அம்மா எழுந்தாள். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தீயைச் சுற்றிப் போய், எலிஃபாஸுக்கு எதிரே, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். "கேட்டது நான். காரணம் கேக்கறதும் நான்தான். பிள்ளைங்களா, ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போங்க."

"அம்மா..."

"போங்கன்னு சொன்னேன்."

போனார்கள். கூடாரத்தின் முன்பலகையில் அக்காவும் தம்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் அப்பாவும் பெரியப்பாவும் மாட்டைப் பற்றிச் சண்டை போடும்போது இப்படித்தான் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். தீயருகே இரண்டு உருவங்கள் தெரிந்தன. எலிஃபாஸின் தணிந்த குரல் கேட்டது, சொற்கள் புரியவில்லை. அவர் நிறைய நேரம் பேசினார்.

"என்னக்கா அது? வேற பொண்டாட்டி இருக்கா?"

"இல்லடா."

"ஜெயில்ல இருந்தாரா?"

"வாயை மூடு."

எலிஃபாஸின் குரல் நின்றது.  அம்மாவின் தலைக்கட்டு அசையாமல் நெருப்புக்கு முன்னால் கறுப்பாகத் தெரிந்தது. சினெசுமா தன் கைகளைக் கோத்துக்கொண்டாள். பெரியப்பாவின் வண்டிகள் இந்நேரம் வழியில் ஒப்புவோ ஊரில் டீசல் நிரப்பிக்கொண்டிருக்கும். நாளை காலை அவர் வந்து நின்று கேட்கும்போது அம்மாவின் கையில் என்ன பதில் இருக்கும்?

அம்மாவின் தலை அசைந்தது. அவள் எலிஃபாஸிடம் ஏதோ சொன்னாள். அவர் மறுப்பது போலக் கையை உயர்த்தினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள், விடவில்லை. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, சமையலறையிலிருந்து ஆளைக் கூப்பிடும் அதே குரலில் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"கவே! நாளைக்குக் காலையில யானை பார்க்கப் போறவங்களை ஏத்திக்கிட்டு இவர் வண்டியை நீ ஓட்டறியா? வழி இவர் சொல்வார்."

கவேட்டோ விழித்தான். "நானா? எதுக்கு? அவருக்கு என்ன ஆச்சு?"

சினெசுமா அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "ஓட்டறேன்னு சொல்லுடா."